ஜிடி3 வாங்க நான்கு வழிகள்: வரிசையில் நிற்பதா, கூடுதல் பணம் கொடுப்பதா, பழைய தலைமுறையை எடுப்பதா, கார்வெட்டுக்கு மாறுவதா?

போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரில் பந்தயத் தடத்தில் (டிராக்) ஓட்டவும் ஏற்ற வகையே ஜிடி3. அதன் 2018 மாடலின் அடிப்படைப் பட்டியல் விலை அமெரிக்காவில் 143,600 டாலராக இருந்தது. 2022 மாடலுக்கு அது 161,100 டாலர் ஆனது. 2024 அக்டோபரில் அறிமுகமான 992.2 தலைமுறை ஜிடி3-க்கு 222,500 டாலர் என்று விலை வைத்தார்கள். 2018-உடன் ஒப்பிட்டால் 55 சதவீத ஏற்றம். இதே காலத்தில் அமெரிக்காவின் பொதுவான விலைவாசி நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடியிருக்கிறது. காரின் குதிரைத்திறனோ 500-இலிருந்து 502-க்கு வந்திருக்கிறது. அந்த 222,500 டாலரையும் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குள் நுழைகிறவருக்குக் கார் கிடைத்துவிடுவதில்லை என்பதுதான் இதில் வினோதம்.

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் சிலர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். டீலரிடம் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாமா, பட்டியல் விலைக்கு மேல் கேட்பதைக் கொடுத்து இப்போதே முடித்துவிடலாமா, 2018 மாடல் போல ஒரு பழைய காரை எடுக்கலாமா, அல்லது இந்த அலைச்சலே வேண்டாம் என்று அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் இசட்06 பக்கம் போய்விடலாமா என்பதே அது. வரிகளும் டீலர் நடைமுறைகளும் நாட்டுக்கு நாடு மாறுவதால் இந்த ஒப்பீட்டை அமெரிக்கச் சந்தையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

## தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது

911 வகைக் கார்கள் எல்லாமே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள சுஃபன்ஹவுசன் ஆலையில்தான் உருவாகின்றன. ஆண்டொன்றுக்கு உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 50,000 கார்கள் போகின்றன. சாதாரண கரேராவும் டர்போவும் ஜிடி3-உம் அந்த எண்ணிக்கைக்குள்தான் அடங்க வேண்டும். ஜிடி3-க்கு இத்தனை கார்கள் மட்டுமே என்ற அறிவிக்கப்பட்ட உச்சவரம்பு கிடையாது. ஆனால் நாட்டுக்கு இவ்வளவு, டீலருக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் ஒதுக்கீடு, கேட்பவர்களின் எண்ணிக்கையைவிட எப்போதும் குறைவாகவே இருக்கிறது.

இதன்மேல் சுங்க வரியும் சேர்ந்துகொண்டது. போர்ஷேவுக்கு அமெரிக்காவில் ஆலை இல்லை. விற்பது அனைத்தும் இறக்குமதி. 2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்களின் மீது கூடுதலாக 25 சதவீதம் விதிக்கப்பட்டு மொத்த வரி 27.5 சதவீதம் ஆனது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அது 15 சதவீதமாகக் குறைந்தது. முன்பு இருந்த 2.5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இதுவும் பெரிய சுமைதான். 222,500 டாலர் என்ற விலை இந்த வரிகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அதாவது ஏற்றத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் வரி அல்ல. இரண்டாம் கைச் சந்தையில் தன் கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனம், டீலருக்கும் தரகருக்கும் போய்க்கொண்டிருந்த பணத்தில் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

பட்டியல் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. ஐந்து அளவுகோல்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஐந்தாண்டு முடிவில் கையை விட்டுப் போயிருக்கும் மொத்தப் பணம். இதில் விற்பனை வரி, கடன் வட்டி, காப்பீடு, தேய்மானம் ஆகியவற்றோடு அந்தப் பணம் வேறிடத்தில் இருந்திருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய வருமானமும் அடங்கும். 260,000 டாலர் ஆண்டுக்கு 4 சதவீத வட்டி தரும் இடத்தில் இருந்தால் 10,400 டாலர் ஈட்டும். கார் விலை இறங்காமலே நின்றாலும் இந்தத் தொகை ஒவ்வோர் ஆண்டும் ஓசையின்றிப் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது, சாவி கைக்கு வர ஆகும் காலம். மூன்றாவது, காரை எதற்காக வாங்குகிறோம் என்பது: மாதம் ஒருமுறை டிராக்கில் ஓட்டவா, வார இறுதிச் சாலைப் பயணத்துக்கா, அலுவலகம் போய்வரவா, கராஜில் நிறுத்தி வைக்கவா? நான்காவது, பழுது வந்தால் யார் பொறுப்பு, வாரண்டி எவ்வளவு மீதமிருக்கிறது என்பது. ஐந்தாவது, வெளியேறும் வழி. விற்க நினைக்கும்போது விற்க முடியுமா என்பதைப் பலரும் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். ஃபோர்ட் ஜிடி காரை வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு அதை விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அதை மீறி விற்றதாக மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது ஃபோர்ட் நிறுவனம் 2017-இல் வழக்குத் தொடுத்தது. 2018-இல் சமரசத்தில் முடிந்தது. 1,963 கார்களோடு நிறுத்தப்பட்ட போர்ஷே 911 எஸ்/டி-க்கு அமெரிக்காவில் இன்னும் இறுக்கமான வழியைப் பிடித்தார்கள்: முதல் ஓராண்டுக்கு வாடிக்கையாளருக்குக் கார் குத்தகையில் மட்டுமே தரப்பட்டது. சொந்தமாகாத காரை விற்க முடியாதல்லவா?

## வழி 1: வரிசையில் நின்று பட்டியல் விலைக்கு வாங்குவது

காகிதத்தில் இதுவே மலிவான வழி. அறிமுக விலையான 222,500 டாலரோடு கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம் அப்போது 1,995 டாலர். கூடுதல் அம்சங்களுக்கு 20,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் 245,000 டாலரை ஒட்டி வரும். டெக்சாஸ் மாநிலத்தின் 6.25 சதவீத வாகன வரி 15,300 டாலர். ஆக 260,000 டாலர். நான்கு ஆண்டு அல்லது 50,000 மைல் வாரண்டி முழுதாக உங்களுடையது. நிறம், இருக்கை, கியர் எல்லாம் நீங்கள் தேர்ந்தவை. காரை முதலில் ஓட்டியவரும் நீங்களே என்பதால் இன்ஜின் எப்படி நடத்தப்பட்டது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

சிக்கல் என்னவென்றால், வரிசை என்று நாம் அழைப்பது உண்மையில் வரிசை இல்லை. யார் முதலில் பெயர் கொடுத்தார் என்பதைவிட, யார் அந்த டீலரிடம் இதுவரை எத்தனை கார் வாங்கியிருக்கிறார் என்பதே பல இடங்களில் எடைபோடப்படுகிறது. யாருக்கு ஒதுக்குவது என்பது டீலரின் விருப்பம். "முதலில் ஒரு மக்கானோ கயேனோ எடுங்கள், பிறகு ஜிடி3 பற்றிப் பேசலாம்" (இரண்டும் போர்ஷேயின் எஸ்யூவிகள்) என்பது நேரடியாகவோ நாசூக்காகவோ சொல்லப்படும். ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமானால் உப்புப் பாக்கெட்டும் எடுத்துக்கொள் என்று சொல்வதற்கும் இதற்கும் தொகையில்தான் வேறுபாடு.

இங்கே மறைந்திருக்கும் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 95,000 டாலருக்கு ஒரு கயேன் வாங்குகிறீர்கள். மூன்று ஆண்டுகளில் அது 35,000 டாலர் மதிப்பை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸ் வரி சுமார் 5,900 டாலர். ஆக 41,000 டாலர் செலவழித்து நீங்கள் வாங்கியிருப்பது ஜிடி3-ஐ அல்ல. ஜிடி3 கிடைக்கலாம் என்ற வாய்மொழி வாக்குறுதியை. வீட்டுக்கு எப்படியும் ஒரு பெரிய கார் தேவைப்பட்டது, அதற்குக் கயேனை எடுத்திருப்பீர்கள் என்றால் இந்தச் செலவு ஜிடி3 கணக்கில் சேராது. அப்போது இந்த வழியை மற்ற எதுவும் நெருங்க முடியாது. தேவையே இல்லாமல், ஒதுக்கீட்டுக்காக மட்டும் வாங்கினால், அடுத்து நாம் பார்க்கப்போகும் 50,000 டாலர் கூடுதல் விலையை நெருங்கும் தொகையைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் காத்தும் கிடப்பீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒதுக்கீட்டுக்காக இன்னொரு கார் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

காத்திருப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. முன்பணம் கொடுத்த நாளின் விலை உங்களுக்கு உறுதியில்லை. கார் தயாராகும் ஆண்டின் விலைதான் செல்லுபடியாகும். 2022 மாடலுக்காகக் காத்திருந்து கிடைக்காமல் 992.2-க்குத் தள்ளப்பட்டவர், காத்திருந்ததற்காகவே 61,400 டாலர் கூடுதலாக விலை பேச வேண்டியிருந்தது.

## வழி 2: பட்டியல் விலைக்கு மேல் கொடுத்து உடனே வாங்குவது

அமெரிக்க ஷோரூமில் ஒவ்வொரு புதிய காரின் ஜன்னலிலும் சட்டப்படி ஒட்டப்பட்டிருக்கும் விலைத்தாளுக்கு மன்ரோனி ஸ்டிக்கர் என்று பெயர். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பரிந்துரைக்கப்பட்ட விலை அதில் இருக்கும். பரிந்துரை என்ற சொல்லுக்கு அங்கே முழுப் பொருள் உண்டு, ஏனெனில் டீலர் தனி வணிகர். தயாரிப்பாளர் சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. அதனால் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய தாள் ஒட்டப்படும். "சந்தைச் சரிக்கட்டல்" என்ற ஒரே வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் மட்டும் அதில் இருக்கும்.

அந்தத் தொகை 50,000 டாலர் என்று கொள்வோம். அதற்கும் விற்பனை வரி உண்டு என்பதால் டெக்சாஸில் 53,125 டாலர் ஆகிறது. இதை 7 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணையாகக் கட்டினால் முடிவில் 63,000 டாலர் போயிருக்கும். பல வங்கிகள் பட்டியல் விலையை அடிப்படையாக வைத்தே கடன் தொகையைத் தீர்மானிப்பதால், இந்தக் கூடுதல் பகுதியைக் கையிலிருந்து எடுத்துவைக்கச் சொல்வதும் உண்டு. வரியைத் தவிர்க்க மொன்டானா மாநிலத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி அதன் பெயரில் பதிவுசெய்யும் வழக்கத்தைச் சிலர் சாமர்த்தியமாகச் சொல்வார்கள். உங்கள் சொந்த மாநிலத்தின் வரித்துறை பின்னால் வந்து அபராதத்தோடு கேட்கும் ஆபத்து அதில் இருக்கிறது, அதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

கூடுதல் விலையில் மிகப் பெரிய ஆபத்து வட்டி அல்ல, தயாரிப்பாளரின் அடுத்த முடிவு. 2016-இல் போர்ஷே 991 கார்கள் மட்டும் தயாரித்த 911 ஆர் அமெரிக்காவில் 184,900 டாலர் பட்டியல் விலைக்கு வந்தது. அன்றைய ஜிடி3 தானியங்கி கியரில் மட்டுமே கிடைத்ததால், 500 குதிரைத்திறன் இன்ஜினோடு மேனுவல் கியர் வேண்டியவர்கள் ஆர் காரைத் தேடி ஓடினார்கள். விலை பட்டியலைப்போல் பல மடங்குக்கு ஏறியது. மறு ஆண்டே போர்ஷே அதே திறன்கொண்ட இன்ஜினை மேனுவல் கியரோடு சாதாரண ஜிடி3-இல் கொடுத்துவிட்டது. ஆர் காரின் விலை இறங்கத் தொடங்கியது. உச்சத்தில் வாங்கியவர்களுக்குத்தான் அடி. எண்ணிக்கை உறுதிசெய்யப்பட்ட காருக்கே இந்த நிலை என்றால், உச்சவரம்பில்லாத ஜிடி3-க்கு 50,000, 80,000 என்று கூடுதலாகக் கொடுப்பவர் எந்த நம்பிக்கையில் கொடுக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதே பணத்துக்கு இதைவிட நல்ல வடிவம் ஒன்று உண்டு: ஓரிரு உரிமையாளரிடம் இருந்து வந்த 992.1 ஜிடி3, அதாவது 2022 மாடலில் தொடங்கிய முந்தைய பதிப்பு. அதே 502 குதிரைத்திறன். முன் சக்கரங்களுக்கு அதே இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் அமைப்பு. 992.2-இல் கியர் விகிதம் 8 சதவீதம் குறுக்கப்பட்டிருப்பதால் முடுக்கம் சற்றுக் கூர்மையாக இருக்கும். இன்ஜின் சுழற்சியைக் காட்டும், முள்ளோடு இருந்த டாக்கோமீட்டர் போய் டிஜிட்டல் திரை வந்திருக்கிறது. பின்னதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வேறுபாடு மட்டும் முக்கியமானது: 992.2 ஜிடி3 டூரிங் வகையில் பின்னிருக்கைகளைக் கேட்டு வாங்கலாம். முந்தைய ஜிடி3-களில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். 992.1 இன்றும் தன் பழைய பட்டியல் விலைக்கு மேல்தான் கேட்கப்படுகிறது என்றாலும், புதிய காரின் அறிமுக விலையான 222,500 டாலர் அதற்கு ஓர் ஒப்பீட்டுப் புள்ளியாக இருப்பதால் பேரம் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

## வழி 3: பழைய தலைமுறை ஜிடி3

என் சாய்வு இந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் "பழைய ஜிடி3" என்பது ஒரே பொருள் அல்ல. மூன்று தனித்தனிக் கார்கள்.

2018, 2019 மாடல்களாக வந்த 991.2 முதலாவது. 4 லிட்டர் இன்ஜின், 500 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுழற்சி, மேனுவல் கியரோ, பிடிகே என்ற இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியரோ விருப்பப்படி. ஏற்கெனவே சந்தையில் கைமாறி நிலைபெற்ற விலையில் இருப்பதால், ஐந்தாண்டுக் கணக்கில் இதில் இழக்கக்கூடியது புதிய காரைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். புதிய கார் வாரண்டி முடிந்துவிட்டது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட போர்ஷே டீலர் வழியாகச் சான்றளித்து விற்கப்படும் காருக்கு இரண்டு ஆண்டு, மைல் வரம்பற்ற வாரண்டி கிடைக்கும். அதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவு.

2014 முதல் 2016 வரையிலான 991.1 மலிவாகத் தெரியும். அதற்குக் காரணம் இருக்கிறது. 2014 தொடக்கத்தில், அதுவரை வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்த 785 கார்களையும் ஓட்டவே வேண்டாம் என்று போர்ஷே நிறுத்தி வைத்தது. இணைப்புத் தண்டின் திருகு தளர்ந்து இன்ஜின் உடைந்து தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு எல்லாக் கார்களுக்கும் புதிய இன்ஜின் பொருத்திக் கொடுத்தார்கள். பின்னர் வால்வுகளை இயக்கும் பகுதிகளில் தேய்மானம் தெரியவந்தபோது, இன்ஜினுக்கு 10 ஆண்டு அல்லது 120,000 மைல் என்று வாரண்டியை நீட்டினார்கள். விற்பவர்கள் இந்த "10 ஆண்டு வாரண்டி"யைப் பெருமையாகச் சொல்வார்கள். அது முதல் உரிமையாளர் காரை எடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவது. 2014-இல் சாலைக்கு வந்த காருக்கு அது முடிந்தே போய்விட்டது. மற்றவற்றுக்கு முடிந்துவிட்டதா, எத்தனை மாதம் மீதம் என்று ஆவணத்தைப் பார்த்தே சொல்ல முடியும். இன்ஜின் ஏற்கெனவே மேம்பட்ட பாகங்களோடு மாற்றப்பட்டிருப்பதற்கான ரசீது இல்லாத 991.1-ஐ நான் தொட மாட்டேன்.

மூன்றாவது, 997 தலைமுறை. லெ மான் பந்தயத்தை 1998-இல் வென்ற 911 ஜிடி1 காரின் இன்ஜின் வழிவந்தது இதன் இன்ஜின். வடிவமைத்த ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயராலேயே ஆர்வலர்கள் அதை அழைக்கிறார்கள். முதலில் 3.6 லிட்டரில் 415 குதிரைத்திறன், பிறகு 3.8 லிட்டரில் 435. மேனுவல் கியர் மட்டுமே. உறுதியான இன்ஜின்தான், ஆனால் குளிர்விக்கும் நீர் செல்லும் குழாய் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டவை. ஆண்டுகள் செல்லச் செல்ல, குறிப்பாக டிராக் வெப்பத்தில், அந்தப் பசை விட்டுக்கொடுத்தால் பின் டயர்களுக்கு அடியில் கூலண்ட் கொட்டும். இன்ஜினை இறக்கி அந்த இணைப்புகளை வெல்டிங் செய்தோ சிறு ஆணியால் பிணைத்தோ உறுதிப்படுத்தியிருக்கிறார்களா என்பது விலையைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எந்தத் தலைமுறையானாலும், வாங்குவதற்கு முன் விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பணிமனையில் சோதனை அவசியம். அங்கே இன்ஜின் கணினியிலிருந்து ஓர் அறிக்கையை அச்செடுத்துத் தருவார்கள். இன்ஜின் அதன் வரம்பைத் தாண்டிச் சுழன்ற நேரங்கள் 1 முதல் 6 வரை ஆறு படிகளாக அதில் பதிவாகியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் எதிரே எண்ணிக்கையும், கடைசியாக அது நடந்தபோது இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தது என்பதும் இருக்கும். முதல் இரண்டு படிகளில் எண்கள் இருப்பது டிராக்கில் ஓடிய காருக்கு இயல்பு. மேல்படிகளில் எண் இருந்தால், யாரோ ஐந்தாவது கியருக்குப் போக வேண்டிய கையை மூன்றாவதற்குத் தள்ளியிருக்கிறார் என்று பொருள். அது நூறு மணி நேரத்துக்கு முன்பு நடந்து, பிறகு கார் நன்றாக ஓடியிருந்தால் பேசலாம். சென்ற வாரம் நடந்திருந்தால் கிளம்பிவிடலாம். பிடிகே கார்களில் இந்தப் பிழைக்கு வழியில்லை என்பதால், பழைய காரை வாங்குபவருக்கு அது ஒரு நிம்மதி.

தொடர் செலவுகளையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கார்பன் செராமிக் பிரேக் தட்டுகள் நான்கையும் மாற்றுவது ஐந்து இலக்கச் செலவு. டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் இரும்புத் தட்டு உள்ள காரைத் தேடுவதே மேல். சக்கரத்தைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே பெரிய நட்டு. அதை 600 நியூட்டன் மீட்டர் விசைக்கு முறுக்க வேண்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒரு மீட்டருக்கும் நீளமான கம்பியைப் பிடித்துத் தன் எடையைப் போட்டு அழுத்தும் காட்சியை டிராக் ஓரங்களில் பார்க்கலாம். வழியில் பஞ்சரானால் தெருமுனை டயர் கடை உதவாது.

## வழி 4: கார்வெட் இசட்06

5.5 லிட்டர் வி8, 670 குதிரைத்திறன், 8,600 சுழற்சி. 2023 மாடல் அறிமுகமானபோது கொண்டுவரும் கட்டணம் சேர்த்து 106,395 டாலர். அதன் பிறகு விலை ஏறியிருந்தாலும் புதிய ஜிடி3-இன் பாதியை ஒட்டியே நிற்கிறது. கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் நகரில் ஒவ்வோர் இன்ஜினையும் கையால் பூட்டுகிறார்கள். இறக்குமதி வரி நேரடியாகத் தாக்காது.

தட்டுப்பாடு எப்படிக் கரைகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. முதல் கார் 2022 ஜனவரியில் தொண்டு நிறுவனத்துக்கான ஏலத்தில் 36 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ஆண்டே இடைத்தரகர்களைத் தடுக்க, 12 மாதங்களுக்குள் விற்றால் வாரண்டியின் சில பகுதிகள் அடுத்தவருக்குச் செல்லாது என்று கார்வெட்டின் தயாரிப்பாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. ஓராண்டு வைத்திருப்பவருக்கு 5,000 டாலர் மதிப்புள்ள வெகுமதிப் புள்ளிகளையும் தந்தது. தடையைவிட உற்பத்திதான் வேலை செய்தது. ஆலையிலிருந்து கார்கள் தொடர்ந்து வந்தபோது, பட்டியலுக்கு மேல் கேட்கப்பட்ட தொகை கரைந்து மறைந்தது. அப்போது கூடுதலாகக் கொடுத்தவர்களின் இழப்பு, இப்போது இரண்டாம் கையில் வாங்குகிறவர்களின் லாபம்.

குறைகள் தெளிவானவை. மேனுவல் கியர் கிடையவே கிடையாது. எட்டு கியர் இரட்டைக் கிளட்ச் மட்டும். அகலமான கார், பின்பக்கம் பார்ப்பது கடினம். வாரண்டி மூன்று ஆண்டு அல்லது 36,000 மைல். இன்ஜின், கியர் பகுதிக்கு மட்டும் ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைல். எரிபொருள் நிரப்பும்போது வழிந்தால் தீப்பிடிக்கலாம் என்பதற்காக 2023 முதல் 2026 வரையிலான இசட்06, இசட்ஆர்1 மாடல்கள் 2025-இல் திரும்ப அழைக்கப்பட்டன. இரண்டாம் கையில் வாங்குகிறவர் அந்தச் சரிசெய்தல் முடிந்ததற்கான ஆவணத்தைக் கேட்க வேண்டும். தேய்மானமும் ஜிடி3-ஐவிட அதிகம். ஆனால் 120,000 டாலர் காரில் 40,000 இழப்பதும், 260,000 டாலர் பணத்தை ஐந்தாண்டு முடக்கி வைப்பதும் கணக்கில் வெகு தூரத்தில் இல்லை: பணம் ஈட்டாமல் போகும் வட்டியே 52,000 டாலர்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வரிசையில் புதிய ஜிடி3 | கூடுதல் விலையில் உடனே | 991.2 ஜிடி3 | கார்வெட் இசட்06 |
|---|---|---|---|---|
| முடங்கும் பணம் | மிக அதிகம் | எல்லாவற்றிலும் அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| சாவி கைக்கு வர | ஆண்டுகள் ஆகலாம் | நாட்கள் | சில வாரத் தேடல் | நாட்கள் |
| மறைந்த செலவு | ஒதுக்கீட்டுக்காக வாங்கும் வேறு கார் | கூடுதல் தொகைக்கான வரியும் வட்டியும் | பிரேக், டயர், வயதான பாகங்கள் | தேய்மானம் |
| வாரண்டி | 4 ஆண்டு | 4 ஆண்டு. கைமாறியதானால் மீதம் மட்டும் | சான்றளித்தால் 2 ஆண்டு | 3 ஆண்டு. இன்ஜின் 5 ஆண்டு |
| மேனுவல் கியர் | உண்டு | உண்டு | உண்டு | இல்லை |
| விற்கும்போது | எளிது. டீலர் உறவு முறியலாம் | கூடுதல் தொகை திரும்பாமல் போகலாம் | எளிது | எளிது, நஷ்டத்தோடு |

## யாருக்கு எது

ஏற்கெனவே அதே டீலரிடம் இரண்டு மூன்று கார் வாங்கிய குடும்பம், அவசரமும் இல்லை என்றால், வழி 1. இவர்களுக்கு ஒதுக்கீடு என்பது கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும் பரிசு. வாங்கியதும் விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அடுத்த ஒதுக்கீடு என்றென்றைக்கும் போய்விடும்.

வழி 2 யாருக்கு என்று நெடுநேரம் யோசித்தேன். வருமானத்தில் 50,000 டாலர் பெரிதாகத் தெரியாதவர், காரைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கப்போகிறவர், குறிப்பிட்ட நிறமும் அமைப்பும் கொண்ட காரைக் கண்டுவிட்டவர் ஆகியோருக்கு மட்டும். கடன் வாங்கிக் கூடுதல் விலை கொடுப்பவருக்கு இதில் ஒரு நியாயமும் தென்படவில்லை.

மேனுவல் கியருக்காகவும் 9,000 சுழற்சியின் ஒலிக்காகவும் ஜிடி3 வேண்டும் என்பவருக்கு 991.2. ஆண்டுக்கு ஏழெட்டு முறை டிராக்குக்குப் போய் டயரையும் பிரேக்கையும் தேய்க்கப்போகிறவருக்கு இசட்06. மோதினாலும் கீறினாலும் மனம் உடையாத விலை அது. சாதாரணக் கார்க் காப்பீடு டிராக்கில் நேரும் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. ஒவ்வொரு நாளுக்கும் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும், அதன் கட்டணம் காரின் மதிப்பைப் பொறுத்தது. இசட்06-க்கும் ஜிடி3-க்கும் இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் சேர்ந்து வரும்.

டிராக் பக்கமே போகாதவர், அலுவலகத்துக்கும் வார இறுதிக்கும் ஒரு நல்ல 911 வேண்டும் என்பவர் இந்த நான்கையும் விட்டுவிட்டு, 134,000 டாலரில் அறிமுகமான 911 கரேரா டி-யைப் பார்க்கலாம். 388 குதிரைத்திறன், மேனுவல் கியர் மட்டும், கேட்டால் பின்னிருக்கையும் உண்டு. ஜிடி3 கேட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான் என்பது என் சந்தேகம்.

## முன்பணம் கொடுப்பதற்கு முன்

புதிய காரானால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்க வேண்டும்: முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா, விலை பட்டியல்படியா அல்லது கூடுதலா, ஒதுக்கீடு டீலர் கையில் ஏற்கெனவே இருக்கிறதா அல்லது வரும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமா. மூன்றாவது கேள்விக்கான பதில் மழுப்பலாக இருந்தால், அந்தப் பணம் வட்டியில்லாக் கடனாக டீலரிடம் உறங்கும்.

பழைய காரானால் முதல் உரிமையாளருக்குக் கொடுக்கப்பட்ட தேதி, திரும்ப அழைக்கப்பட்ட வேலைகளின் பட்டியல், இன்ஜின் அறிக்கை ஆகிய மூன்றும் விலை பேசுவதற்கு முன்பே வேண்டும். எல்லா வழிகளுக்கும் பொதுவானது காப்பீடு. வழக்கமான நிறுவனம் விபத்து நாளின் சந்தை மதிப்பைத்தான் தரும்; நீங்கள் கொடுத்த கூடுதல் தொகை அதில் அடங்காமல் போகலாம். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பை வழங்கும் காப்பீடுகள் தனியாக உண்டு. அவை ஆண்டு மைல் கணக்குக்கு வரம்பு வைப்பதும், தினசரி அலுவலகப் பயணத்துக்கு இடம் தராததும் வழக்கம் என்பதால், காரின் அடையாள எண்ணைக் கொடுத்து அந்த நிபந்தனைகளை எழுத்தில் பெற்ற பிறகு கையெழுத்துப் போடலாம்.